கசடின் வயது

லண்டனுக்கு வடக்கே லீ ஆற்றையொட்டிய கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையக் குளங்களில் 1970-களின் இறுதியில் பிடித்த ரோச் மீன்களை அறுத்துப் பார்த்தவர்களுக்கு ஒரு புதிர் காத்திருந்தது. கெண்டைக் குடும்பத்தைச் சேர்ந்த இந்த மீன்களில் சில, ஆணா பெண்ணா என்று பிரித்துச் சொல்ல முடியாதபடி இருந்தன. விந்தகத் திசுவுக்குள் முட்டைகள் கிடந்தன. நஞ்சு கலந்தால் மீன் செத்து மிதக்கும் என்பதுதான் அதுவரை எல்லோரும் அறிந்தது. இவை சாகவில்லை, நன்றாக நீந்திக்கொண்டிருந்தன. உள்ளே மட்டும் ஏதோ மாறியிருந்தது.

காரணம் தேடியவர்களில் முக்கியமானவர் புரூனெல் பல்கலைக்கழகத்தின் ஜான் சம்ப்டர். அவரும் சக ஆய்வாளர்களும் வானவில் டிரவுட் மீன்களைக் கூண்டிலடைத்து, சுத்திகரிப்பு நிலையங்களின் வெளியேற்று வாய்க்காலில் இறக்கினார்கள். பெண் மீனின் கல்லீரல் முட்டைக் கருவுக்காக விட்டெல்லோஜெனின் என்ற புரதத்தைச் செய்யும். ஆண் மீனுக்கு அதற்கு வேலையே இல்லை. ஆனால் கூண்டிலிருந்த ஆண் மீன்களின் இரத்தத்தில் சில வாரங்களில் அந்தப் புரதம் ஆயிரக்கணக்கான மடங்கு ஏறியது. 1994-இல் வெளியான இந்த முடிவு, நீரில் ஈஸ்ட்ரோஜன் என்ற பெண்மை ஹார்மோனைப் போல் செயல்படும் ஏதோ இருக்கிறது என்பதை உறுதிசெய்தது. 1998-இல் சூசன் ஜோப்ளிங் குழு பிரிட்டன் ஆறுகளில் ஆய்வு செய்தபோது, நிலையங்களுக்குக் கீழே சில இடங்களில் பிடித்த ஆண் ரோச் அனைத்திலும் இந்த மாற்றம் தெரிந்தது.

அதே ஆண்டு வெளியான இன்னொரு ஆய்வு குற்றவாளியைப் பெயர் சொல்லிக் காட்டியது. ஏழு நிலையங்களின் வெளியேறு நீரைப் படிப்படியாகப் பிரித்து, எந்தப் பகுதியில் ஹார்மோன் வீரியம் தங்குகிறது என்று தேடிக்கொண்டே போனார்கள். பலரும் தொழிற்சாலை ரசாயனத்தை எதிர்பார்த்திருக்கக்கூடும். கிடைத்ததோ மனித சிறுநீரில் வரும் ஈஸ்ட்ரோன், ஈஸ்ட்ரடையால் என்ற இரண்டு இயற்கை ஹார்மோன்கள். சில இடங்களில் மட்டும் மூன்றாவதாக எத்தினைல் ஈஸ்ட்ரடையால் இருந்தது. இது 1938-இல் பெர்லினில் ஷெரிங் நிறுவனத்தில் இன்ஹோஃபன், ஹோல்வெக் இருவரும் உருவாக்கிய செயற்கை ஹார்மோன். இன்றுவரை பெரும்பாலான கருத்தடை மாத்திரைகளின் உயிர்நாடி அதுதான்.

அளவைப் பார்த்தால் நம்புவது கடினம். ஈஸ்ட்ரோன் லிட்டருக்கு 1.4 முதல் 76 நானோகிராம், ஈஸ்ட்ரடையால் 2.7 முதல் 48, எத்தினைல் ஈஸ்ட்ரடையால் 0.2 முதல் 7. லிட்டருக்கு ஒரு நானோகிராம் என்பது நூறு கோடி லிட்டரில் ஒரு கிராம். சென்னை மாநகருக்கு ஒரு நாளில் வழங்கப்படும் குடிநீர் ஏறத்தாழ அவ்வளவு. அத்தனை நீரிலும் ஒரு கிராம் மாவைக் கரைத்துவிட்டு, அதை மீன் கண்டுபிடிக்கிறது, அதன் உடலும் மாறுகிறது என்றால், அதுதான் இங்கே நாம் எதிர்கொள்ளும் அளவுகோல்.

இனி சுத்திகரிப்புக்கு வருவோம். கதை நிலையத்தின் வாசலில் தொடங்குவதில்லை, கல்லீரலில் தொடங்குகிறது. உடல் தனக்கு வேண்டாத ஹார்மோனை அப்படியே வெளியேற்றாது. குளுகுரோனிக் அமிலத்தையோ சல்பேட்டையோ அதோடு ஒட்டி, நீரில் எளிதில் கரையும்படியும் வீரியம் இல்லாதபடியும் செய்து அனுப்பும். பூட்டுப் போட்டு அனுப்புகிறது என்று வைத்துக்கொள்ளலாம். அந்தப் பூட்டுக்கான சாவி ஈ.கோலை போன்ற குடல் பாக்டீரியாக்களிடம் இருக்கிறது. சாக்கடைக் குழாய்க்குள் சிறுநீரும் மலமும் ஒன்றாகக் கலந்து ஓடும்போதே குளுகுரோனைடு பூட்டுகள் உடைந்து, ஹார்மோன் மறுபடி உயிர்பெறுகிறது. சல்பேட் பூட்டு கொஞ்சம் வலுவானது. அது நிலையத்துக்குள் வந்த பிறகும் மெல்ல மெல்ல உடையும். இதனால் ஒரு விசித்திரம் நேர்கிறது. உள்ளே வரும் நீரில் இருந்ததைவிட வெளியே போகும் நீரில் ஈஸ்ட்ரோன் கூடுதலாக இருப்பதாகச் சில ஆய்வுகளில் பதிவாகியிருக்கிறது. நிலையம் ஹார்மோனை உற்பத்தி செய்யவில்லை. பூட்டப்பட்டு வந்ததையும், ஈஸ்ட்ரடையாலாக வந்து ஈஸ்ட்ரோனாக மாறியதையும் உள்நுழையும் கணக்கில் நாம் பிடிக்கவில்லை, அவ்வளவுதான். இத்தனை சதவீதம் நீக்கம் என்று அறிவிக்கும் எந்த அறிக்கையைப் படித்தாலும் முதலில் கேட்க வேண்டிய கேள்வி இது: பூட்டியிருந்ததையும் சேர்த்து எண்ணினார்களா?

முதல் கட்டமான படிவுத் தொட்டியில் பெரிதாக ஒன்றும் நடப்பதில்லை. மண்ணும் மலமும் அடியில் தங்கும், ஹார்மோனில் சிறு பங்கு அவற்றோடு ஒட்டிக்கொண்டு இறங்கும். உண்மையான வேலை இரண்டாம் கட்டத்தில், காற்றூட்டும் தொட்டியில் நடக்கிறது.

1914-இல் மான்செஸ்டரில் ஆர்டெர்னும் லாக்கெட்டும் கண்ட முறை இது. கழிவுநீருக்குள் காற்றை ஊதினால் நுண்ணுயிர்கள் பெருகி, அழுக்கைத் தின்று, பழுப்பு நிறக் கசடாகத் திரளும். அந்தக் கசடை முழுவதும் வெளியே தள்ளாமல் ஒரு பங்கைத் திரும்பத் தொட்டிக்கே அனுப்புவதுதான் அவர்கள் கண்ட உத்தி. தயிர் உறைய நேற்றைய மோரை எடுத்துவைக்கிற நம் வீட்டு வழக்கம்தான் அது. நீர் தொட்டியில் சில மணி நேரமே தங்கும். திரும்பத் திரும்ப வரும் கசடோ நாட்கணக்கில் தங்கும். எத்தனை நாள் என்பதைத்தான் இந்தத் துறையினர் கசடின் வயது என்கிறார்கள். ஹார்மோன் நீக்கத்தின் மர்மம் பெரும்பாலும் இந்த ஒரு எண்ணில்தான் அடங்கியிருக்கிறது.

இரண்டு மூன்று நாளிலேயே கசடை வெளியேற்றிவிடும் நிலையத்தில் வேகமாகப் பெருகும் பாக்டீரியாக்கள் மட்டும் தங்கும். சர்க்கரை, கொழுப்பு, புரதம் ஆகிய எளிய உணவை அவை தின்னும், கரிம அழுக்கைக் காட்டும் பி.ஓ.டி. அளவு இறங்கும், அறிக்கை நன்றாக இருக்கும். மெதுவாகப் பெருகுகிறவை குடியேறுவதற்கு முன்பே அடித்துச் செல்லப்பட்டுவிடும். அம்மோனியாவை நைட்ரேட்டாக மாற்றும் நைட்ரிஃபைங் பாக்டீரியா அப்படி மெதுவாகப் பெருகும் இனம். ஹார்மோனின் வளையக் கட்டமைப்பை உடைக்கக்கூடிய பல வகைகளும் அப்படித்தான். கசடுக்கு வயது கூடினால் இந்த இரண்டும் சேர்ந்தே குடியேறுகின்றன.

ஜெர்மனியின் வீஸ்பாடன் நிலையத்தில் இது தெளிவாகத் தெரிந்தது. குறைந்த வயதுக் கசடோடு இயங்கிய அந்த நிலையத்தை நைட்ரஜன் நீக்கத்துக்காக விரிவுபடுத்தி, கசடின் வயதையும் உயர்த்தினார்கள். ஹார்மோன் அவர்கள் திட்டத்தில் இல்லை. 2003-இல் வெளியான அளவீட்டில் இயற்கை ஈஸ்ட்ரோஜன்கள் 98 சதவீதத்துக்கு மேலும், எத்தினைல் ஈஸ்ட்ரடையால் 90 சதவீதத்துக்கு மேலும் நீங்கியிருந்தன. பெரும்பகுதி உயிரியல் சிதைவால் போனது, கசடில் ஒட்டிப் போனது சிறு பங்குதான். பிறகு வியன்னாவைச் சேர்ந்த ஆய்வாளர்கள் பல நிலையங்களை ஒப்பிட்டு, 10 பாகை செல்சியஸ் வெப்பத்துக்கு ஈடாகக் கணக்கிட்டால் பத்து நாள் வயது என்பது ஒரு வாசல்போல் இருக்கிறது என்று காட்டினார்கள். அதற்குக் கீழே இருந்தால் நீக்கம் நிலையற்றது, மேலே இருந்தால் நம்பகமானது.

பத்து பாகை என்பது ஆல்ப்ஸ் அடிவாரக் குளிர்காலக் கணக்கு. நுண்ணுயிர்கள் வெப்பத்தில் வேகமாகப் பெருகும். நம் ஊர்க் கழிவுநீர் ஆண்டு முழுவதும் 25 பாகைக்கு மேல்தான் இருக்கிறது. அங்கே பத்து நாள் கேட்கும் வேலையை இங்கே சில நாளிலேயே வாங்கிவிடலாம். வெயிலைக் குறைசொல்லியே பழகிய நமக்கு இயற்கை கொடுத்த இந்தச் சலுகையை நாம் பெரிதாக எண்ணிப் பார்த்ததில்லை.

அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் போல்டர் நகரம் இதே பாடத்தை மீன்களை வைத்தே சோதித்தது. நகரின் நிலையத்துக்குக் கீழே ஓடையில் சக்கர் இன மீன்களில் பெண் மீன்களே மிகுந்திருந்தன, இருபால் உறுப்புள்ளவையும் இருந்தன. அங்கே அப்போது பெரும் பங்கு வேலையைச் செய்தது, கற்படுகைமேல் நீரைத் தெளித்துச் சொட்டவிடும் பழைய முறை. 2008-ஐ ஒட்டி அதைக் காற்றூட்டுத் தொட்டி முறைக்கு மாற்றினார்கள். ஆலன் வாஜ்தாவும் லாரி பார்பரும் மாற்றத்துக்கு முன்னும் பின்னும், ஓடைக்கரையில் நிறுத்திய நடமாடும் ஆய்வகத்தில் ஆண் மீன்களை வெளியேறு நீரில் வைத்துச் சோதித்தனர். மாற்றத்துக்குப் பிறகு பாதிப்பு வெகுவாகக் குறைந்திருந்தது. ஓசோனோ சவ்வோ எதுவும் சேர்க்கவில்லை. நுண்ணுயிருக்குக் காற்றும் காலமும் கொடுத்தார்கள்.

ஒன்றை நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். நைட்ரிஃபைங் பாக்டீரியாக்களே ஹார்மோனைத் தின்கின்றனவா, அல்லது அவற்றோடு குடியிருக்கும் மற்றவையா என்பதில் ஆய்வாளர்கள் இன்னும் ஒரே குரலில் பேசவில்லை. சோதனைக் குடுவையில் அம்மோனியா அதிகம் ஊற்றினால் முந்தையவை செய்வதுபோல் தெரிகிறது. உண்மையான கழிவுநீரின் செறிவில் பிந்தையவற்றின் பங்கே பெரிதென்று பல முடிவுகள் சொல்கின்றன. நிலையத்தை ஓட்டுகிறவருக்கு இது இரண்டாம்பட்சம். அம்மோனியா இறங்கினால் ஹார்மோனும் இறங்கும் என்ற உறவு நடைமுறையில் நிற்கிறது.

காற்று இல்லாத இடத்தில் இந்தக் கணக்கு குலைகிறது. ஆக்சிஜன் இல்லாத தொட்டியில் ஈஸ்ட்ரடையாலும் ஈஸ்ட்ரோனும் ஒன்று மற்றொன்றாக மாறிக்கொண்டே இருக்கும், வளையம் உடையாது. எத்தினைல் ஈஸ்ட்ரடையால் அசையாது. இந்தியாவில் இது வெறும் ஆய்வகச் செய்தி அல்ல. யமுனை செயல் திட்டத்தில் மின்செலவு மிச்சம் என்று யு.ஏ.எஸ்.பி. எனப்படும் காற்றில்லா முறை நிலையங்கள் பலவற்றைக் கட்டினோம். எரிவாயு கிடைக்கும், மின்சாரம் மிஞ்சும் என்ற நோக்கம் தவறல்ல. ஆனால் அதன் பின்னால் முறையான காற்றூட்டும் கட்டம் இல்லாவிட்டால் ஹார்மோன் ஏறக்குறைய வந்தபடியே ஆற்றுக்குப் போகும். கசடைச் செரிக்கவைக்கும் மூடிய தொட்டிக்குள்ளும் இதே கதைதான். அதில் ஒட்டியிருந்த செயற்கை ஹார்மோன் பெரிதாகக் குறையாது. உலர்த்திய கசடை வயலுக்கு உரமாகக் கொடுக்கும்போது அதையும் சேர்த்தே கொடுக்கிறோம்.

ஹார்மோனைப் போல் செயல்படும் தொழிற்சாலை ரசாயனமான நோனைல்ஃபீனாலைப் பற்றியும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். துணி அலசவும் கம்பளி கழுவவும் பயன்பட்ட எத்தாக்சிலேட் சோப்புப் பொருள்கள் சுத்திகரிப்பில் பாதி சிதைந்து இந்த வடிவத்துக்கு வரும். தாய்ப்பொருளைவிடச் சிதைந்ததற்கே ஹார்மோன் வீரியம் அதிகம். பிரிட்டனின் ஏர் ஆற்று மீன்களைக் கெடுத்ததில் கம்பளி ஆலைகளிலிருந்து வந்த இந்தப் பொருளுக்குப் பங்குண்டு. இதற்கு நிலையம் தீர்வல்ல, தடைதான் தீர்வு. ஐரோப்பிய ஒன்றியம் 2005-இல் உள்நாட்டுப் பயன்பாட்டைக் கட்டுப்படுத்தியது, 2021 முதல் இறக்குமதித் துணிகளுக்கும் வரம்பு வைத்தது. திருப்பூரிலிருந்து அங்கே போகும் பின்னலாடைக்கும் அந்த வரம்பு பொருந்தும். நம் ஆடையை வாங்குகிறவரின் ஆற்றுக்குக் கிடைக்கும் பாதுகாப்பு நம் நொய்யலுக்கும் கிடைக்க வேண்டும் என்று கேட்பது பேராசை அல்ல.

சரி, நன்றாக இயங்கும் இரண்டாம் கட்டமே 90, 98 சதவீதம் நீக்கிவிடுகிறதென்றால் மிச்சத்தைப் பற்றி ஏன் கவலை? இதற்கு விடை கனடாவில் ஒரு ஏரியில் கிடைத்தது. வடமேற்கு ஒன்டாரியோவின் ஆய்வு ஏரிகளில் 260 என்று எண்ணிடப்பட்ட ஒன்றில், 2001 முதல் 2003 வரை மூன்று கோடைகளில் எத்தினைல் ஈஸ்ட்ரடையாலை லிட்டருக்கு 5, 6 நானோகிராம் அளவில் கலந்தார்கள். முன்பு சொன்ன பிரிட்டன் வெளியேறு நீரின் உச்ச அளவும் ஏறத்தாழ அதுவே. ஏரியிலிருந்த ஃபேட்ஹெட் மின்னோ என்ற சிறு மீனின் ஆண்கள் முட்டைப் புரதம் செய்யத் தொடங்கின, விந்து வளர்ச்சி நின்றது, புதுக் குஞ்சுகள் வரவில்லை. அந்த இனம் ஏரியில் ஏறக்குறைய அற்றுப்போனதை கேரன் கிட் தலைமையிலான குழு 2007-இல் வெளியிட்டது. மருந்தை நிறுத்திய சில ஆண்டுகளில் மீன்கள் திரும்பி வந்தன என்பதும் அதே ஏரி சொன்ன செய்திதான்.

பிரிட்டன் ஆறுகளில் அப்படி ஒரு அழிவு நேரவில்லை. இருபால் உறுப்புள்ள ரோச் மீன்களுக்கு இனப்பெருக்கத் திறன் 76 சதவீதம் வரை குறையக்கூடும் என்று 2011-இல் ஒரு ஆய்வு காட்டியது. ஆனாலும் கழிவுநீர் கலக்கும் ஆறுகளில் ரோச் கூட்டங்கள் தலைமுறைகளாகத் தாக்குப்பிடித்திருப்பதை அதன்பின் வந்த மரபணு ஆய்வு கண்டது. இரண்டையும் சேர்த்துத்தான் படிக்க வேண்டும். பீதிக்கு இடமில்லை. ஆனால் ஒரு நானோகிராமுக்கும் கீழேயே மீனுக்குத் தீங்கு தொடங்கக்கூடிய பொருளில் பத்து சதவீதம் மிஞ்சுவதை அலட்சியம் செய்யவும் முடியாது. 2012-இல் ஐரோப்பிய ஆணையம் எத்தினைல் ஈஸ்ட்ரடையாலுக்கு முன்வைத்த வரம்பு லிட்டருக்கு 0.035 நானோகிராம். அதை எட்ட இங்கிலாந்திலும் வேல்ஸிலும் ஆகக்கூடிய செலவு 3,000 கோடி பவுண்டு வரை போகும் என்று அப்போது ஒரு மதிப்பீடு வந்தது. 2013-இல் வரம்பு சட்டமாகவில்லை. அந்த ஹார்மோன் கண்காணிப்புப் பட்டியலுக்கு மட்டும் போனது.

மிச்சத்தைப் பிடிக்க இன்று இருப்பவை மூன்று வழிகள். ஓசோன், கரி, சவ்வு.

எனக்கு ஓசோன்மேல் மதிப்பு அதிகம், காரணம் அதன் வேதியியல். ஈஸ்ட்ரோஜன் மூலக்கூறின் ஒரு முனையில் ஃபீனால் வளையம் இருக்கிறது. உடலின் ஹார்மோன் ஏற்பி அந்த முனையைப் பிடித்துத்தான் அதை அடையாளம் காண்கிறது. ஓசோன் முதலில் பாய்ந்து உடைப்பதும் அந்த வளையத்தைத்தான். முழு மூலக்கூறும் கரியமில வாயுவாக மாற வேண்டியதில்லை. சாவியின் பல் உடைந்தால் போதும், பூட்டு திறக்காது. கரைந்த கரிமக் கார்பன் ஒரு கிராமுக்கு அரை கிராமுக்குச் சற்று மேல் ஓசோன் கொடுத்தாலே ஈஸ்ட்ரோஜன் வீரியம் ஏறக்குறைய முழுதும் போய்விடும். கழிவுநீரில் புரோமைடு இருந்தால் புரோமேட் என்ற தீய பொருள் உண்டாகும் என்பது அதன் குறை. கடலோர நகரங்கள் இதைக் கணக்கில் கொள்ள வேண்டும். உடைந்த துண்டுகளைத் தின்ன, ஓசோனுக்குப் பின் ஒரு மணல் வடிகட்டியும் வேண்டும்.

கரி வேறு குணம். எதையும் உடைக்காது, துளைகளுக்குள் இழுத்து வைத்துக்கொள்ளும். ஈஸ்ட்ரோஜன் நீரை அவ்வளவாக விரும்பாத மூலக்கூறு என்பதால் நன்றாக ஒட்டும். கழிவுநீரில் கரைந்திருக்கும் மற்ற கரிமங்களும் இடத்துக்குப் போட்டியிடும் என்பதால் கரி சீக்கிரம் நிரம்பிவிடும், மாற்ற வேண்டும் அல்லது சூளையில் புதுப்பிக்க வேண்டும். காங்கேயம், பொள்ளாச்சி வட்டாரத்திலும் இலங்கையிலும் சிரட்டையைச் சுட்டு, செயலூட்டிய கரியாக்கி உலகுக்கு ஏற்றுமதி செய்கிறோம். மூலப்பொருள் நம் தோப்பில் இருக்கிறது.

தலைகீழ் சவ்வூடுபரவல், அதாவது ஆர்.ஓ., ஈஸ்ட்ரோஜனையும் நன்றாகத் தடுக்கும். சற்றே துளை பெரிய நானோ வடிகட்டிச் சவ்வில் ஒரு ஏமாற்றம் உண்டு. முதல் நாட்களில் ஹார்மோன் சவ்வுப் பொருளிலேயே ஒட்டிக்கொள்வதால் நீக்கம் பிரமாதமாகத் தெரியும், சவ்வு நிரம்பியதும் கசியத் தொடங்கும். ஒரு நாள் சோதனையை வைத்து விற்கப்படும் சவ்வை நம்பக்கூடாது என்பதற்கு இது போதும். ஆர்.ஓ. நீரை நம்பிக்கையோடு மறுபயன்பாட்டுக்குக் கொண்டுவந்த சிங்கப்பூர், நியூவாட்டர் திட்டத்துக்கான ஆய்வில் மெடக்கா என்ற சிறு மீன்களை அந்த நீரில் வளர்த்து, ஹார்மோன் பாதிப்பு உண்டா என்று பார்த்தது. கருவி காட்டும் எண்ணுக்கு மேல் உயிரின் சாட்சியையும் கேட்டது சரியான முறை.

இந்தக் கூடுதல் கட்டத்தைச் சட்டமாக்கிய முதல் நாடு சுவிட்சர்லாந்து. சூரிக் அருகே டூபன்டார்ஃபின் நொய்குட் நிலையத்தில் 2014-இல் ஓசோன் முழு அளவில் இயங்கத் தொடங்கியது. 2016 முதல் சட்டம் நடைமுறைக்கு வந்தது. நூறுக்கு மேற்பட்ட நிலையங்களை 2040-க்குள் மேம்படுத்த, இன்னும் மேம்படுத்தாத நிலையங்களிடமிருந்து அவற்றில் இணைந்த மக்கள் எண்ணிக்கைப்படி தலைக்கு ஆண்டுக்கு 9 ஃபிராங்க் வாங்குகிறார்கள். ஐரோப்பிய ஒன்றியக் கழிவுநீர்ச் சட்டத்தின் 2024 திருத்தம் இன்னும் துணிந்து, செலவில் குறைந்தது 80 சதவீதத்தை மருந்து, அழகுப்பொருள் உற்பத்தியாளர்கள் ஏற்க வேண்டும் என்றது. அதை எதிர்த்து 2025-இல் மருந்து நிறுவனங்கள் நீதிமன்றம் போயின. இரண்டு சட்டங்களிலும் ஒன்று என் கவனத்தை ஈர்த்தது. நீக்கத்தை அளக்க அவை வைத்திருக்கும் அடையாளப் பொருள்களின் பட்டியலில் வலி மருந்தான டைக்ளோஃபெனாக் இருக்கிறது, வலிப்பு மருந்தான கார்பமாசெபின் இருக்கிறது, ஹார்மோன் ஒன்றுகூட இல்லை. அன்றாடம் அளக்க முடியாத அளவுக்கு அது நுண்ணியது. அளக்க எளிதான வேறொன்றை நீக்கினால் ஹார்மோனும் கூடவே போகும் என்ற நம்பிக்கையில்தான் அந்தச் சட்டங்கள் நிற்கின்றன.

அந்த வழி நமக்கும் திறந்தே இருக்கிறது. ஆனால் நம் தொடக்கப் புள்ளி வேறு. மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் 2020-21 கணக்குப்படி இந்திய நகரங்களில் ஒரு நாளில் உருவாகும் கழிவுநீர் 7,236 கோடி லிட்டர். உண்மையில் சுத்திகரிக்கப்பட்டது 2,023 கோடி லிட்டர். மீதி எந்தக் கட்டத்தையும் பார்க்காமல் ஓடுகிறது. நமது ஹார்மோன் கலவையும் ஐரோப்பாவினுடையது அல்ல. ஐந்தாவது தேசிய குடும்பநல ஆய்வில், கருத்தடைக்கு மாத்திரை உண்பவர்கள் 5.1 சதவீதம், பெண்களுக்கான குடும்பக் கட்டுப்பாட்டு அறுவை சிகிச்சை 37.9 சதவீதம்.  கழிவுநீரைப் பொறுத்தவரை, சிதைக்கக் கடினமான செயற்கை ஹார்மோனின் பங்கு இங்கே சிறிது, எளிதில் சிதையும் இயற்கை ஹார்மோன்களின் பங்கே பெரிது என்று இதிலிருந்து எதிர்பார்க்கலாம். அதாவது ஓசோன் தேவைப்படும் பகுதி குறைவு, கசடின் வயதே தீர்த்துவைக்கும் பகுதி அதிகம்.

சென்னையில் கொடுங்கையூர், கோயம்பேடு நிலையங்கள் ஒவ்வொன்றிலிருந்தும் நாளுக்கு 4.5 கோடி லிட்டர் நீர் ஆர்.ஓ. வழியாகத் தொழிற்சாலைகளுக்குப் போகிறது. வரவேற்க வேண்டியதுதான். ஆனால் ஆர்.ஓ. தள்ளிவிடும் செறிந்த மிச்சநீர் எங்கே போகிறது என்ற கேள்வி அதற்குண்டு. சுத்திகரித்த நீரை ஏரியில் விட்டுக் குடிநீராக எடுக்கும் திட்டங்களுக்கு அல்ட்ரா வடிகட்டி மட்டும் போதாது. அதன் துளை பாக்டீரியாவை நிறுத்தும், கரைந்திருக்கும் ஹார்மோனை நிறுத்தாது. அங்கே ஓசோனோ கரியோ கட்டாயம் வேண்டும், அதற்கு முன் நன்கு முதிர்ந்த கசடு வேண்டும்.

இந்த இடத்தில்தான் எனக்கு ஆதங்கம். 2015 நவம்பரில் மத்திய அரசு வெளியிட்ட வரைவு விதிகளில், சுத்திகரித்த நீரில் அம்மோனியா நைட்ரஜன் லிட்டருக்கு 5 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது என்ற வரம்பு இருந்தது. அதை எட்ட நைட்ரிஃபைங் பாக்டீரியா குடியேற வேண்டும். அவை குடியேறக் கசடுக்கு வயது வேண்டும், காற்று வேண்டும். அந்த வரம்பை எட்டிய நிலையம், ஹார்மோன் என்ற சொல்லையே கேள்விப்படாமல் அதில் பெரும்பகுதியை நீக்கியிருக்கும். 2017 அக்டோபரில் வந்த இறுதி அறிவிப்பில் அந்த வரி இல்லை. பி.ஓ.டி. வரம்பையும் தளர்த்தியிருந்தார்கள். 2019-இல் தேசிய பசுமைத் தீர்ப்பாயம் மொத்த நைட்ரஜனுக்கு 10 மில்லிகிராம் உள்ளிட்ட கடுமையான வரம்புகளை வலியுறுத்தியது.

ஒரு கிராம் அம்மோனியா நைட்ரஜனை மாற்ற நாலரை கிராமுக்கு மேல் ஆக்சிஜன் செலவாகும். அது காற்றை ஊதும் புளோயர் ஓடும் நேரம், அதாவது மின்கட்டணம். வரம்பு இல்லாத இடத்தில் நகராட்சிக்குக் கட்டணத்தைக் குறைக்க முதலில் கைக்கு அகப்படுவது புளோயரை நிறுத்தும் அந்தப் பொத்தான்தான். அம்மோனியாவை அளக்கும் எளிய சோதனையை எந்தச் சிறு ஆய்வகத்திலும் செய்யலாம். கோடி ரூபாய் விலையுள்ள கருவி வேண்டியதில்லை. அந்தச் சோதனையின் எண்ணை ஒவ்வொரு நாளும் நிலையத்தின் வாசல் பலகையில் எழுதிவைக்கச் சொன்னாலே, உள்ளே புளோயர் ஓடுகிறதா என்பது வெளியே நிற்கிறவருக்குத் தெரிந்துவிடும்.